பிளஸ் ஒன் படிக்கிறேன், திக்குவாய் இருக்கிறது, பள்ளியில் எப்படிச் சமாளிப்பது?

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், தம்பி. ஐந்து வயதிலிருந்தே திக்குகிறது. பெயர் ‘க’வில் தொடங்குவதால் யார் பெயர் கேட்டாலும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அட்டெண்டன்ஸில் ‘பிரசண்ட் சார்’ வராமல் இரண்டு நாள் ஆப்சென்ட் விழுந்திருக்கிறது. அடுத்த மாதம் உயிரியல் செமினார். அப்பா ‘நிதானமாப் பேசுடா’ என்று திட்டுகிறார். சித்தப்பாவுக்கும் இதே பிரச்சினை உண்டு. இத்தனையும் எழுதிவிட்டு, கடைசி வரியில் ‘இதைக் குணப்படுத்த வழி என்ன’ என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்த வரிக்கு மேலே நீங்கள் எழுதியது எல்லாமே இன்னொரு கேள்வியைத்தான் கேட்கிறது: பிளஸ் டூ முடியும்வரை இது யாருக்கும் தெரியாமல் எப்படி ஓட்டுவது? குணம் பற்றிய கேள்விக்கு என்னிடம் சின்னப் பதில்தான் இருக்கிறது. மறைப்பது பற்றித்தான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

நான் மதுரையில் பேச்சுப் பயிற்சியாளராகப் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் உங்கள் வயதுப் பையன்கள். இருந்தாலும் உங்கள் பேச்சை நான் காதால் கேட்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்து இது சிறுவயதில் தொடங்கி நிலைத்துவிட்ட வழக்கமான திக்குவாய் என்றே தோன்றுகிறது. அப்படி எடுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நேரில் பார்த்தால் வேறு மாதிரியும் தெரியலாம். அவசர அவசரமாகப் பேசிச் சொற்களை விழுங்குவது தனிப் பிரச்சினை. ‘ச’ வராமல் ‘த’ என்று உச்சரிப்பது, ஊரில் தெத்துவாய் என்பார்களே, அதுவும் வேறு. அதுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு, தலையில் அடிபட்ட பிறகோ காரணமே இல்லாமலோ, திடீரென்று திக்க ஆரம்பித்தால் முதலில் நரம்பியல் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, நிச்சயமாகத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 100 குழந்தைகளை எடுத்துக்கொண்டால் 5 பேராவது இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு, நாலில் மூன்று பேருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், அது தானாகவே போய்விடுகிறது. பெரியவர்களில் 100க்கு ஒருவருக்கு நிலைத்துவிடுகிறது. அவர்களில் பெண் ஒருவர் என்றால் ஆண்கள் ஏறக்குறைய நான்கு பேர். பதினாறு வயதுவரை தொடர்ந்திருப்பதால் உங்களுடையது தானாக மறையும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. முழுதாகத் துடைத்தெடுக்கும் மருந்தும் கிடையாது. ‘குணமாகுமா’ என்பதற்கு இவ்வளவுதான் பதில். படிக்கும்போது வலித்திருக்கும், தெரியும். ஆனால் இன்று ஒரு சொல்லுக்கு நீங்கள் படும் பாட்டில் பெரும்பகுதி குறையக்கூடியது. அதைப் பல பேரிடம் பார்த்திருக்கிறேன்.

காரணத்துக்கு வருவோம். பயந்த சுபாவமோ, அம்மா அப்பா வளர்த்த விதமோ, யாரையோ கேலி செய்ததால் வந்த பாவமோ இதற்குக் காரணம் இல்லை. பேச்சு என்பது நுரையீரல், குரல்வளை, நாக்கு, உதடு எல்லாம் நொடியில் சிறு பங்குக்குள் ஒன்றுக்கொன்று இசைந்து செய்கிற வேலை. அந்த இசைவை நடத்தும் மூளைப் பகுதிகளும் அவற்றுக்கிடையேயான இணைப்புகளும் திக்குபவர்களிடம் சற்று மாறுபட்டிருப்பது ஸ்கேன்களில் தெரிகிறது. குடும்பத்தில் ஓடுவதும் உறுதி. உங்கள் சித்தப்பா அதற்குச் சாட்சி. 2010இல் பாகிஸ்தானியக் குடும்பங்களை வைத்து நடந்த ஆராய்ச்சியில் சில மரபணுக்கள் பிடிபட்டன. செல்லுக்குள் கழிவுகளைச் சிதைக்கும் ஏற்பாட்டோடு தொடர்புள்ளவை அவை. ஆனால் திக்குபவர்களில் ஒரு சிறு பங்கினருக்குத்தான் அவை விளக்கமாகின்றன. அந்த மரபணுவிலிருந்து ‘க’ அடைத்துக்கொள்வது வரைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது துறையில் இன்னும் தீராத விவாதம். யாராவது ஒரே காரணத்தைச் சொல்லி அடித்துப் பேசினால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள்: காலையில் பிரேயரில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது திக்குவதே இல்லை, ‘இந்தியா எனது நாடு’ உறுதிமொழியை எல்லோரோடும் சேர்ந்து சொன்னால் வருகிறது, அதையே மேடையேறி நீங்கள் முன்மொழியச் சொன்னால் முதல் ‘இ’யிலேயே நின்றுவிடுகிறது. ‘அப்போ எல்லாம் மனசுதான் காரணமா’ என்கிறீர்கள். இல்லை. இது உலகம் முழுக்கத் திக்குபவர்களிடம் காணப்படுவது. பலரோடு சேர்ந்து சொல்லும்போது, பாடும்போது, நாய்க்குட்டியிடம் பேசும்போது, அறையில் தனியாகத் தனக்குத்தானே பேசும்போது திக்கல் குறையும், பலருக்கு முழுவதும் மறையும். ‘பாட்டு மட்டும் வருது, பேச்சு வராதா’ என்று வீட்டில் கேட்டால், அது நடிப்பும் இல்லை, சோம்பலும் இல்லை, திக்குவாயின் அடையாளமே அப்படித்தான் என்று சொல்லுங்கள். பதற்றம் திக்கலை அதிகமாக்கும், உண்மைதான். வெயில் தலைவலியை அதிகமாக்குவது போல. வெயிலால்தான் தலையே வந்தது என்று யாரும் சொல்வதில்லையே.

அடுத்தது மறைப்பு. அமெரிக்காவில் ஜோசப் ஷீஹன் என்ற உளவியலாளர் இருந்தார், அவருக்கும் திக்கும். திக்குவாயைக் கடலில் மிதக்கும் பனிப்பாறை என்றார்: வெளியே கேட்கும் திக்கல் கொஞ்சம், தண்ணீருக்கு அடியில் பயமும் வெட்கமும் ஒளிதலும் ஏராளம். நம் ஊரில் இந்த ஒளிதலுக்குத் தமிழே கைகொடுக்கிறது. சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் வாக்கியம் நிற்கும் மொழி இது. ‘பரீட்சை நாளைக்கு’ வராவிட்டால் ‘நாளைக்குத்தான் பரீட்சை’. கடையில் ‘பால்’ வராது என்றால் ‘அந்த ஆவின் பாக்கெட் ஒண்ணு’. ஆரம்பிக்க ஒரு ‘அது வந்து’, ஒரு ‘என்னன்னா’. உங்களைப் போன்ற பையன்கள் மனதுக்குள் நான்கு வாக்கியம் எழுதி அழித்துவிட்டு ஐந்தாவதைப் பேசுவார்கள். எந்தத் தமிழாசிரியரையும் தோற்கடிக்கும் அளவுக்கு ஒரே பொருள் தரும் மாற்றுச் சொற்கள் தெரியும்! ஆனால் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. அதனால்தான் திக்குபவர்களில் பலருக்குச் சொந்தப் பெயரே மிகக் கடினமான சொல். இன்ஷியலைச் சேர்த்துச் சொன்னால் வருகிறது என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். சில மாதம் வரும், அப்புறம் இன்ஷியலும் அடைக்கத் தொடங்கும். தந்திரங்கள் எல்லாமே இப்படித்தான் தேய்கின்றன. காலைத் தட்டுவது, தொடையைக் கிள்ளுவது, மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டு தொடங்குவது, எதுவானாலும் புதிதாக இருக்கும்வரை உதவும். பிறகு திக்கலும் மிஞ்சும், தொடையைக் கிள்ளும் பழக்கமும் மிஞ்சும்.

மறைப்பின் செலவு வகுப்பறையோடு நிற்பதில்லை. பதில் தெரிந்தும் ‘தெரியாது சார்’ என்று சொல்லி உட்கார்ந்த கதையை அழாமல் சொன்னவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வக்கீலாக ஆசைப்பட்டவர், பேச வேண்டியிருக்காது என்று நினைத்து கம்ப்யூட்டர் படிப்பில் சேருவார். அங்கே போனால் தினமும் காலையில் மீட்டிங்.

இதில் நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. வேலைக்கு வந்த மூன்றாவது வருடம், பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் வந்தான். ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து, மிக மெதுவாகப் பேசக் கற்றுக்கொடுத்தேன். எட்டு வாரத்தில் என் அறைக்குள் ஒரு சொல்கூடத் திக்காமல் பேசினான். அவன் அம்மா எனக்கு இனிப்பு வாங்கி வந்தார். இரண்டு மாதம் கழித்து அவன் வருவதை நிறுத்திவிட்டான். விசாரித்தபோது, பள்ளியில் அந்த இழுவைப் பேச்சைப் பேசக் கூச்சமாக இருந்ததால் முற்றிலும் பேசுவதையே விட்டுவிட்டான் என்று தெரிந்தது. திக்கல் பூஜ்யம், பேச்சும் பூஜ்யம். பேச்சை நீட்டிப் பேசும் முறையே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் அதை அடிப்படையாக வைத்த பயிற்சிகள் பலருக்குப் பயன்பட்டிருக்கின்றன. நான் எண்ணியது திக்கிய சொற்களை. அவன் வகுப்பில் எத்தனை முறை வாய் திறந்தான் என்பதை எண்ணவில்லை. இப்போது முதல் நாளே அதைத்தான் கேட்கிறேன்.

இனி அடைப்பு வரும்போது என்ன செய்வது என்று பார்ப்போம். ‘க’ சொல்லும்போது நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தின் பின்பக்கத்தைத் தொட்டு விலக வேண்டும். திக்கும்போது அது தொட்டு விலகாமல் இறுகி அழுத்திக்கொள்கிறது, குரல்வளையும் மூடிக்கொள்கிறது. நீங்கள் கதவைத் தள்ளுவது போல இன்னும் தள்ளுகிறீர்கள். கதவோ உள்பக்கம் திறப்பது. சார்லஸ் வான் ரைப்பர் என்று ஒருவர், அவரும் திக்குபவர்தான், 1936இல் மிச்சிகனில் பேச்சு மருத்துவ மையம் தொடங்கியவர், இதற்கு மூன்று படி சொன்னார். திக்கி முடித்த பிறகு செய்வதில் தொடங்கி, திக்குவதற்கு முன் செய்வது வரை போகும் அதே வரிசையில்தான் நானும் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன். முதலில், திக்கி முடித்த சொல்லை அப்படியே விட்டு ஓடாதீர்கள். சொல்லி முடித்ததும் இரண்டு மூன்று நொடி நின்று, எங்கே இறுகியது என்று உணர்ந்து, அதே சொல்லை இளக்கமாக மறுபடி சொல்லுங்கள். இது பழகியபின், அடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தள்ளுவதை நிறுத்தி, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சொல்லிலிருந்து வழுக்கி வெளியே வாருங்கள். மூன்றாவதாக, அடைக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமல்லவா, அப்போது நாக்கு மேலண்ணத்தை இறகு தொடுவது போல மெல்லத் தொடும்படி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ‘ப’ என்றால் உதடுகள் அப்படி. இதைப் படித்ததும் வந்துவிடாது. பக்கத்தில் ஒருவர் இருந்து ‘இப்போ தள்ளினே பார்’ என்று காட்டிக்கொடுத்தால் வேகமாக வரும். இந்த முறையிலும் திக்கல் இருக்கும், ஆனால் அரை நிமிடப் போராட்டம் ஒரு சின்ன இழுப்பாகச் சுருங்கும்.

கண்ணாடி முன் நின்று செமினாரைப் பத்து முறை ஒத்திகை பார்க்கிறேன், ஒரு முறைகூடத் திக்கவில்லை, வகுப்பில் மட்டும் நாறிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். தனியாகப் பேசும்போது திக்காது என்று மேலே சொன்னேனே, அதனால் கண்ணாடி ஒத்திகையில் உங்களுக்குக் கடினமான பகுதி எதுவும் ஒத்திகை ஆவதில்லை. பாடம் மனப்பாடமாகும், அவ்வளவுதான். ஆட்களை வைத்துப் பழகுங்கள். முதல் வாரம் நெருங்கிய நண்பன் ஒருவனிடம் இரண்டு நிமிடம். அடுத்த வாரம் மூன்று பேர், மாலையில் காலி வகுப்பறையில், நின்றபடி, கரும்பலகையில் படம் வரைந்தபடி. மூன்றாவது வாரம் அந்தப் பாட ஆசிரியர் ஒருவரிடம் மட்டும். இந்த ஒத்திகைகளில் திக்கத்தான் செய்யும். திக்கினால்தான் பயன். கூடவே ஒரு விசித்திரமான பயிற்சியும் தருவேன். கடைக்குப் போய், உங்களுக்குச் சிரமமில்லாத ஒரு சொல்லை வேண்டுமென்றே திக்குங்கள்: ‘அ-அ-அரைக் கிலோ சர்க்கரை’. கடைக்காரர் பெரும்பாலும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பொட்டலம் கட்டுவார். சிலர் சிரிக்கலாம். உங்கள் விருப்பத்தோடு திக்கும்போது அந்தச் சிரிப்பு எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று பாருங்கள். முதல் தடவை கடை வாசலிலிருந்து திரும்பி வந்துவிடுவீர்கள். எல்லோரும் வந்துவிடுவார்கள், நான் கூட்டிப்போன பையன்களும்தான்.

ஆசிரியரிடம் சொல்லலாமா என்றால், சொல்லுங்கள். வாயால் சொல்லச் சிரமமாக இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். ‘சார், எனக்குத் திக்குவாய் இருக்கிறது. பதில் தெரியும், வரக் கொஞ்சம் நேரமாகும். என்னைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட வேண்டாம். நான் நின்றால் சொல்லை நீங்கள் முடித்துக்கொடுக்காமல் காத்திருங்கள்’ என்று நாலு வரி போதும். செமினாரின் முதல் வரியும் அதுவாக இருக்கட்டும்: ‘நான் திக்கிப் பேசுவேன், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்க, இன்னைக்கு மனித இதயத்தைப் பத்திச் சொல்லப்போறேன்.’ இப்படிச் சாதாரணமாக முன்கூட்டிச் சொல்பவரைக் கேட்பவர்கள் நல்லவிதமாகவே எடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன, என் அனுபவமும் அதுதான். ‘மன்னிச்சுக்கங்க, சரியாப் பேச வராது’ என்று குறுகிச் சொன்னால் அந்தப் பலன் குறைகிறது. எல்லா ஆசிரியரும் நன்றாக நடந்துகொள்வார்கள் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது. ‘சரி, உனக்கு செமினாரே வேண்டாம்’ என்று கருணை காட்டுபவர்கள்தான் அதிகம். அந்தக் கருணையை மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

அட்டெண்டன்ஸ் விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இல்லை. அது நாற்பது பேர் வரிசையில் ஒரு நொடி நேரக் கட்டாயம். உங்கள் முறை நெருங்க நெருங்க அடைப்பு இறுகுவது இயல்பு. கையைத் தூக்கினால் போதும் என்று ஆசிரியரிடம் பேசிக்கொள்ளுங்கள். ஆப்சென்ட் விழுந்த இரண்டு நாளையும் திருத்தச் சொல்லுங்கள். என்னோடு வேலை பார்ப்பவர்களில் சிலர் இதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பார்கள். செமினாருக்குத் தேவையான தெம்பை அட்டெண்டன்ஸில் செலவழிப்பானேன் என்பது என் கட்சி.

கேலி செய்பவர்கள் பற்றி எழுதியதில், தினமும் உங்களைப் போலப் பேசிக் காட்டும் அந்த ஒருவனைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு முறை நேருக்கு நேராக, நீங்கள் திக்கினாலும் பரவாயில்லை, ‘நீ செய்றது எனக்குப் பிடிக்கலை’ என்று சொல்லுங்கள். நிற்காவிட்டால் வகுப்பாசிரியரிடமும் வீட்டிலும் சொல்லுங்கள். அது கோள் சொல்வது ஆகாது. 1098 குழந்தைகளுக்கான உதவி எண். போனில் பேசுவதுதான் உங்களுக்கு மிகக் கஷ்டம் என்பது தெரியும், அம்மாவைப் பேசச் சொல்லலாம்.

வைத்தியங்களைப் பற்றிச் சுருக்கமாக. வசம்பை நாக்கில் தேய்ப்பதால் திக்கல் போகாது. அதிலுள்ள ஒரு வேதிப்பொருள் நல்லதில்லை என்று 1968லேயே அமெரிக்காவில் அதை உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டார்கள். கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசினால் பல்தான் போகும். நாக்கின் அடித்தசையை வெட்டச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 1841இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற பெரிய அறுவை மருத்துவர் திக்குபவர்களின் நாக்கை வெட்டிப் பார்த்தார், ரத்தம் போனதுதான் மிச்சம். ‘30 நாளில் குணம்’ விளம்பரங்களில் காட்டப்படும் பையன் சரளமாகப் பேசுவது நிஜமாகவே இருக்கலாம். என் அறையில் அந்தப் பத்தாம் வகுப்புப் பையனும் எட்டு வாரத்தில் பேசினான். திக்கிப் பேசிய இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னரை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 1926இல் லயனல் லோக் என்ற பேச்சுப் பயிற்சியாளரிடம் போகத் தொடங்கியவர் அவர். அதற்குப் பல வருடம் கழித்துப் பேசிய வானொலி உரைகளிலும் அந்த நீண்ட இடைவெளிகள் கேட்கத்தான் செய்கின்றன.

பயிற்சிக்கு எங்கே போவது என்றால், பேச்சு மற்றும் கேட்பியலில் பட்டம் பெற்று இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவரிடம் போங்கள். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பில்லை. பணம் பிரச்சினை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள். 18 வயது வரை உள்ளவர்களின் குறைபாடுகளைக் கண்டறிந்து உதவும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் ஒன்றும் உண்டு, ‘டி.இ.ஐ.சி. எங்கே’ என்று கேட்டால் காட்டுவார்கள். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்பியல் நிறுவனம் இந்தத் துறையில் பெரியது. இந்தியன் ஸ்டாமரிங் அசோசியேஷன் என்று திக்குபவர்களே நடத்தும் சங்கம் இருக்கிறது. அவர்களின் சுய உதவிக் குழுவில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள், அறையில் எல்லோருமே திக்கும்போது காத்திருப்பது எவ்வளவு சாதாரணம் என்று தெரியும். மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கித் தேர்வில் சலுகை பெறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு, மொழிக் குறைபாடு உண்டு. ஆனால் அங்கே உதாரணமாகச் சொல்லப்படுவது குரல்வளை நீக்கம், மூளை பாதிப்பால் மொழி இழப்பு போன்றவை. திக்குவாய் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

அப்பாவைப் பற்றி. ‘நிதானமாப் பேசு’ என்பது அவருக்குத் தெரிந்த அன்பு. தன் தம்பிக்கு இருப்பது மகனுக்கும் வந்துவிட்டதே என்ற பயமும் அதில் இருக்கும். இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் பேசும்போது கண்ணைப் பார்த்துக்கொண்டு, சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பது. சித்தப்பாவிடம் மட்டும் நீங்களே போங்கள். ஒரே வீட்டில் இருந்தும் இதைப் பற்றி அவரோடு ஒரு நாளும் பேசியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாண வீட்டில் அவர் வரவேற்பில் நிற்காமல் எப்போதும் பந்தி பரிமாறப் போய்விடுவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு எந்த எழுத்து அடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.